என்னை ஏன் இப்படித் தாங்குகிறார்கள்?

1

இந்த மாதத்தோடு என் இடது கன்னத்தை வெட்டி எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. செத்தவர்களுக்கு வருஷப் பூசை வைப்பதுண்டு. கன்னத்துக்கு யார் வைப்பார்கள்? ஆனால் எனக்கு இந்த வருஷக் கணக்கு முக்கியம். வெட்டிய வெள்ளைக்கார டாக்டர் துரை அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம். நோய் திரும்பி வராவிட்டால் நெற்றித் தோலை இறக்கி ஓட்டையை மூடித் தருகிறேன். வந்துவிட்டால் மூடிப் பிரயோசனம் இல்லை."

ஆகவே மூடினால் நான் பிழைத்தேன். மூடாமல் இழுத்தடித்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இழுத்தடிக்கிறார்கள். இந்த மாதம் முதல் வாரமே பார்க்க வேண்டிய டாக்டர் துரை லீவில் சீமைக்குப் போய்விட்டாராம், வந்ததும் பார்ப்பாராம். இதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர் அருளப்பன். அவர் இந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். காய்ச்சலில் நடுங்குகிறவனிடம் "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு நாள்ல எந்திரிச்சு ஓடுவே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து "அவன் தேறமாட்டான்" என்று சொல்கிற மனுஷன். அந்த 'ஒண்ணுமில்லப்பா'வுக்கு அவரிடம் ஒரு தனிக் குரல் உண்டு. டாக்டர் லீவில் போன கதையை அந்தக் குரலில்தான் சொன்னார்.

நான் சலேத் மேரி. திண்டுக்கல்லில் புகையிலைக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலாயாவுக்கு வந்து, ஈப்போ பக்கம் இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். வெற்றிலை போடாத டீச்சரம்மாவை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் புகையிலையும் சேர்த்துப் போட்ட டீச்சர். கிட்டங்கி வாசனையில் வளர்ந்தவளுக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை. முதலில் சுண்ணாம்பு பட்டதுபோல உள்கன்னத்தில் ஒரு வெள்ளைத் தடிப்பு வந்தது. சுண்ணாம்பு சுட்டதென்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு அதைப் புண்ணாக்கி, டாக்டர் துரை வரைக்கும் கொண்டுபோனேன்.

இப்போது கஞ்சி குடித்தால் பாதி கன்னம் வழியாக வெளியே வருகிறது. தலையை வலது பக்கம் சாய்த்து, மூக்கு வைத்த பீங்கான் கிண்ணத்தில் குடிக்கிறேன். மருந்துத் துணியை வைத்து, மேலே துண்டைச் சுற்றி, கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். கையை எடுத்தால் 'ப' வராது, காற்றுதான் வரும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பழகாதவள் நான்தான்.

2

எனக்குச் சந்தேக புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கட்டும். அது சும்மா வந்ததில்லை.

நான் டீச்சர் டிரெய்னிங் முடித்த வருஷம் அம்மாவுக்கு நாக்கில் புண் வந்தது. கிட்டங்கியில் புகையிலைக்கு நரம்பு கிழிக்கிற வேலை அம்மாவுக்கு. ஒரு துணுக்கு எப்போதும் வாயில் கிடக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அப்பா திரும்பி வந்து "பல்லு குத்துன புண்ணாம்" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கி வந்தார். கல்யாணச் சேலைக்குப் பிறகு அவர் வாங்கிய முதல் பட்டு அதுதான்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். தாடிக்கொம்பில் இருந்த அத்தை, ஒரு நிச்சயதார்த்தத்தில் மரியாதை குறைந்துவிட்டதென்று வருஷக்கணக்காக எங்கள் வாசலை மிதிக்காதவள், நாட்டுக்கோழியோடு வந்து இறங்கினாள். பெரியம்மா வந்தாள். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை வந்து "வேலைக்கு ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா" என்றார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "என்ன சாப்பிட ஆசையா இருக்கு, சொல்லு."

அம்மா ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏண்டி, எல்லாரும் என்னைய இம்புட்டு நல்லா கவனிக்கிறாக, அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பாசம் என்று நம்புகிற ஊர் நம் ஊர். நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கும். அம்மா பட்டுச் சேலையை ஒருநாள்கூட உடுத்தாமல், எல்லோர் மேலும் கோபமாகவே போய்ச் சேர்ந்தாள். அதனால்தான் சொல்கிறேன், யாராவது காரணமில்லாமல் என்னிடம் நன்றாக நடந்துகொண்டால் எனக்கு அந்தப் பட்டுச் சேலைதான் ஞாபகம் வருகிறது.

3

இப்போது இங்கே நடப்பதைக் கேளுங்கள்.

இந்தத் தோட்டத்தில் எனக்கு இரண்டு சிநேகிதிகள். மரகதம் வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், கங்காணியின் மனைவி, என்னைவிடச் சின்னவள். பாத்திமுத்து திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அவளும் புருஷனும் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். வாந்தி எடுத்துக்கொண்டே சிநேகமானோம். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பாத்திமுத்து கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி ஊர்க்கதை பேசுவோம். புகையிலை மட்டும் திண்டுக்கல்லிலிருந்து வரவேண்டும், இங்கே கிடைப்பது மரகதத்துக்கு வைக்கோல்.

எனக்கு நோய் வந்த அன்றைக்கே அந்தக் கச்சேரி கலைந்தது. அப்புறம் இந்த ஒரு வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் இல்லையென்றால் நான் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். மரகதம் காலையில் வந்து கஞ்சியைக் குழைய வைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ரப்பர் பால் வெட்டப் போவாள். புண்ணுக்குக் கட்டிய துணியை நான் அருவருத்து ஒதுக்கினபோது அவள் முகம் சுளிக்காமல் எடுத்து அலசினாள். பாத்திமுத்து வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவருவாள்.

ஆனால் கொஞ்ச நாளாக எல்லாம் ஒருபடி கூடிவிட்டது. நான் வந்தால் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். மரகதம் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் "யக்கா, டாக்டர் எப்ப வாராராம்? மூடிருவாரா?" என்று கேட்கிறாள். சும்மா கேட்கிற மாதிரி இல்லை, வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவள் மாதிரி கேட்கிறாள். எனக்கில்லாத அவசரம் இவளுக்கு எதற்கு?

போன மாதம் ஒருநாள் என் வீட்டில் அவளுக்குச் சோறு போட்டேன். நல்ல காரமாகக் கருவாட்டுக் குழம்பு, அவளுக்கு உயிர். தொடவில்லை. வெறும் மோரை ஊற்றிப் பிசைந்தாள்.

"வெஞ்சனம் வேணாம்க்கா. உப்பு ஒறப்பு இல்லாமச் சாப்பிடுறேன்னு மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன்."

"யாருக்காக?"

"ஒனக்காகத்தான். வேற யாருக்கு?"

இதை ஒரு பக்கம் வையுங்கள். திண்டுக்கல்லிலிருந்து என் மதினி எழுதுகிறாள், என் பெயரில் மாதா கோயிலில் பூசை வைத்தாளாம். அந்த மதினி என் கல்யாணத்துக்கே முணுமுணுத்துக்கொண்டு வந்தவள். பாத்திமுத்து நாகூருக்குக் காணிக்கை முடிந்துவைத்திருக்கிறாள். மூன்று கோர்ட்டிலும் மனுப் போட்டிருக்கிறார்கள் என்றால் கேஸ் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்!

வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். "ஏங்க, திரும்ப வந்திருச்சா? நேராச் சொல்லுங்க."

"இல்லம்மா. டாக்டர் வந்து பார்த்தாத்தானே தெரியும்?"

"தெரியாதுன்னா இம்புட்டு பேரு எதுக்கு எனக்காக வேண்டுறாக?"

"பாசத்துல வேண்டுறாங்க சலேத்து. ஒண்ணுமில்ல, நீ தூங்கு." அதே குரல்.

4

என் மகள் ஃபிலோமினாவுக்குப் பதிமூன்று வயது. டவுனில் இங்கிலீஷ் கான்வென்டில் படிக்கிறாள். திண்டுக்கல் என்றால் அவளுக்கு அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மலைக்கோட்டை என்று நான் ஆரம்பித்தால் "மம்மி, நாட் அகெய்ன்" என்கிறாள். தமிழ் டீச்சர் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். எனக்குத் தெரியக்கூடாததை அவளும் அப்பாவும் வேகமான இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். மெதுவாகப் பேசினால் எனக்குப் புரியும், அது அவர்களுக்கும் தெரியும்.

அடையாளக் கார்டு மாற்றுவதற்கு அவளோடு டவுனுக்குப் போனேன். நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை, அதனால் என் கார்டு சிவப்பு. நீலக் கார்டுக்கு மனுப் போட்டிருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அதிகாரி கார்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். போட்டோவில் இரண்டு கன்னமும் இருக்கிறது, அதில் ஒன்றில் வெற்றிலையும் அடங்கியிருக்கிறது. எதிரே நிற்பவள் முகத்தில் பாதி துண்டு.

துணியை எடுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். சந்தேகப்படுகிறவளைச் சந்தேகப்பட அரசாங்கமே வந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

ஃபிலோமினா மலாய் மொழியில் நீளமாக என்னவோ சொன்னாள். அவர் முகம் மாறியது. கார்டைத் திருப்பிக் கொடுத்து, பிறகு வரலாம் என்று கையைக் காட்டினார்.

"என்னடி சொன்னே?"

"அம்மாவுக்குப் புது முகம் வரப்போகுது, அப்போ புது போட்டோ எடுத்துட்டு வர்றோம்னு சொன்னேன்."

பஸ்ஸில் வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டு வந்தேன். வரும் என்று தெரிந்தவள் அப்படிச் சொல்லுவாள். வராது என்று தெரிந்தவளும் அப்படித்தான் சொல்லுவாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த மகளின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வழவழப்பான கன்னம்.

5

டாக்டர் துரை சீமையிலிருந்து திரும்பிவிட்டார், வியாழக்கிழமை வரச் சொல்கிறார் என்று செய்தி வந்தது. லீவு கதை பொய்யில்லை போலிருக்கிறது. ஆனாலும் அந்தச் செய்தியைச் சொல்ல பாத்திமுத்து கடைக்குப் போனபோது முன்வாசல் வழியாகப் போகவில்லை. அவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று பின்பக்கமாகப் போனேன். ஒட்டுக்கேட்பது டீச்சருக்கு அழகில்லைதான்.

"சொல்லிருடி. இன்னும் எம்புட்டு நாளைக்கு மறைப்பே?" இது பாத்திமுத்து.

"அக்காவுக்கு மூடட்டும். அது முடியட்டும்." இது மரகதம்.

ஆக, எல்லாம் உண்மை. நோய் திரும்பிவிட்டது. ஆபரேஷன் என்பது என்னைச் சமாதானப்படுத்த ஒரு நாடகம். இத்தனை நாள் நினைத்ததெல்லாம் சரியாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்தது கோபம்தான். அம்மாவின் கோபம்.

தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மரகதம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தாள். பாத்திமுத்து ஒரு டார்ச் லைட்டை அவள் வாய்க்குள் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் மரகதம் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. மோர்ச் சோறு. உப்பில்லாத, காரமில்லாத விரதம். மாரியாத்தாள் ஒன்றும் கேட்கவில்லை. இவளுக்குக் காரம் எரிந்திருக்கிறது. எனக்கும் முதலில் காரம்தான் எரிந்தது. ஊர் முழுக்க மோப்பம் பிடித்தேன், ஒரு வருஷமாக என் எதிரில் உட்கார்ந்தவள் வாயைப் பார்க்கவில்லை. யார் என்ன செய்தாலும் அது என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தால் இப்படித்தான்.

"வாயைத் தொற."

"ஒண்ணுமில்லக்கா, சுண்ணாம்பு..."

"தொறடி!"

திறந்தாள். கடைவாய்க்குப் பக்கத்தில் வெள்ளையாக, விரல் நுனி அளவுக்கு. தொட்டுப் பார்த்தேன். தடிப்பாக இருந்தது. எனக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது.

"ஏன் சொல்லல?"

மரகதம் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒனக்கு வருசம் திரும்பட்டும்னு இருந்தேன். டாக்டர் வந்து பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லி, ஓட்டைய மூடிட்டா, இது வந்தாலும் பொழைக்கலாம்னு அர்த்தம். அப்புறம் போய்க் காட்டுவோம்னு நெனச்சேன். நீ பொழைக்கலேன்னா நான் மட்டும் எதுக்குக்கா போய் வெட்டிக்கிட்டு?"

பாத்திமுத்து டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள். எனக்கு மரகதத்தை அடிக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. "வியாழக்கிழமை நீயும் வாரே" என்று மட்டும் சொன்னேன்.

6

வியாழக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மரகதமும் பஸ் பிடித்துப் போனோம். கங்காணியிடம் எனக்குத் துணைக்கு என்று சொல்லி அவளைக் கூட்டிவந்தேன்.

முதலில் நான். டாக்டர் துரை கன்னத்து ஓட்டையைச் சுற்றி விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கழுத்தைத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் "குட்" என்றார். அடுத்த மாதம் ஓட்டையை மூட ஒரு பெட் ஒதுக்கும்படி மிஸ்ஸியிடம் சொன்னார். மிஸ்ஸி என்றால் இங்கே நர்ஸ்.

"நெசமாவா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்குக் குரல் வரவில்லை. ஒண்ணுமில்லப்பா குரல்கூட வரவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் நம்பினேன்.

சந்தோஷப்பட நேரமில்லை. வெளியே பெஞ்சில் இருந்தவளை, "எனக்கு மூடப்போறாராம், வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். மிஸ்ஸி சீட்டு எங்கே என்றாள். டாக்டர் துரை பரவாயில்லை என்று சொல்லி, மரகதத்தின் வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் வீட்டுக்காரரிடம் மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

சீமையானாலும் திண்டுக்கல்லானாலும் இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

"நீங்க செத்த நேரம் வெளிய இருங்க" என்று வீட்டுக்காரரை அனுப்பினேன். கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், என்னிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. டாக்டர் துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகவே சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பணும். அதுக்கு முன்னாடி அவராலயே எதுவும் சொல்ல முடியாதாம். அது புத்து நோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் இந்த அளவுல இருக்கயில எடுத்துட்டா என்னைய மாதிரி ஓட்டை போட வேண்டியதில்லையாம். விட்டுட்டா என் கதைதான். புகையிலைய இன்னையோட விட்டுறணும்."

மரகதம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அம்புட்டு நேரம் பேசுனாரு. நீ இம்புட்டுதான் சொல்றே. எதை முழுங்குனே?"

"ஒண்ணுமில்லடி, எதையும் முழுங்கல."

"ஒண்ணுமில்லன்னு சொல்றே பாரு, அதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதமாக நான் எல்லோரையும் எப்படிப் பார்த்தேனோ, அப்படியே பார்த்தாள். என்ன சத்தியம் செய்தாலும் இந்தக் கண்ணிடம் எடுபடாது. எனக்குத் தெரியாதா? எழுந்து நின்றேன்.

"நம்பாட்டி வா. திரும்பப் போய் நீயே கேளு."

மிஸ்ஸி கதவை மறித்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு மரகதம் உள்ளே போனாள், பின்னாலேயே நானும். டாக்டர் துரை கை கழுவிக்கொண்டிருந்தார். வேடசந்தூர்த் தமிழிலேயே அவரை நேராகக் கேட்டாள்:

"ஏய்யா, நான் பொழப்பனா, மாட்டனா?"

நான் இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தேன். தேவையே இருக்கவில்லை. இந்தக் கேள்வியைத் தோட்டத்து ஜனங்களின் வாயிலிருந்து எத்தனை மொழியில் கேட்டிருப்பாரோ, அவருக்குப் புரிந்தது. ஈரக் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

மரகதம் திரும்பி என்னைப் பார்த்தாள். சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிச் சொத்தை பார்க்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றுகொடுத்தேன்.

"சரிக்கா" என்றாள். "துண்டு வெட்ட என்னைக்கு வரணும்னு கேளு."